சேஸிஸ் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தென்பகுதிக் கோவில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மகள் வாங்கிய புதுக் காரைப் பூசைக்காகக் கோவிலுக்குக் கொண்டு வந்திருந்தோம். குருக்கள் நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, தேங்காயைச் சுற்றி உடைத்தார். மகள் வண்டியை ஓரடி முன்னால் எடுத்ததும் பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டுப் பேரன் கைதட்டினான். சன்னிதிக்குள் போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, கண்ணாடி வைப்பரில் ஒரு துண்டறிக்கை செருகியிருந்தது. நம் நாட்டில் செய்த காரையே வாங்க வேண்டும், வெளிநாட்டுக் கார் வாங்குகிறவர் நம் பிள்ளைகளின் வேலையைக் கப்பலேற்றி அனுப்புகிறார் என்ற பொருளில் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள். கீழே பல கோவில் குழுக்களின் பெயர்கள் இருந்தன. மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் ஆங்கிலப் பக்கத்தைப் படித்துவிட்டு, "நான் தப்புப் பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டாள். அவள் வாங்கியது ரெனோ க்விட். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்து, கப்பலில் வந்த வண்டி.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எழுதுகிறவன் இறக்குமதி வியாபாரிகளின் ஆள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டொயோட்டா ஆலை இருக்கிற ப்ராஸ்பெக்டன் பக்கம், அந்த வண்டி ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வயரிங் ஹார்னஸ் பிரிவில் இருந்தவன் நான். விளக்கு, ஹாரன், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் என்று வண்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கம்பிக் கட்டைத்தான் ஹார்னஸ் என்கிறோம். ஆள் உயரப் பலகை ஒன்றில் முளைகள் அடித்திருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் கோடு போட்ட கறுப்பு என்று ஒவ்வொரு கம்பியையும் அதனதன் முளையில் வளைத்து மாட்டி, கிளை பிரிகிற இடங்களில் கறுப்பு நாடாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். நாடாவைத் தளர்வாகச் சுற்றினால் இரண்டு ஆண்டு கழித்து எங்கோ ஒரு மண்சாலையில் விளக்கு அணையும். இயந்திரத்துக்கு இன்னும் முழுதாகக் கைவராத வேலை இது என்பதால் ஆள் நிறைய வேண்டும். எங்கள் பிரிவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பு தையல் ஆலைகளில் மெஷினில் உட்கார்ந்தவர்கள்.

தையல் ஆலை என்றதும் உங்களில் வயதானவர்களுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்த நாளில் ஒவ்வொரு தெருவிலும் காலை ஐந்தரை மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு பஸ்ஸுக்கு நிற்கிற அக்காமார் இருந்தார்கள். என் அம்மாவும் அப்படி நின்றவர்தான். சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பது மட்டுமே அவர் வேலை, பத்தொன்பது ஆண்டுகள் கழுத்துப்பட்டியே தைத்தார். 1994-க்குப் பிறகு துணிக்கான தீர்வை படிப்படியாக இறங்கியது, வெளியிலிருந்து மலிவுத் துணி வந்து குவிந்தது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 2007-இலும் 2008-இலும் அரசு சீனத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குள் பாதி ஆலைக் கட்டடங்கள் கிடங்குகளாகியிருந்தன, கட்டுப்படுத்திய துணிக்குப் பதிலாக வேறு நாடுகளிலிருந்து துணி வந்தது. ஆகவே, கடைக்குப் போய் எதை எடுத்துப் பைக்குள் போடுகிறோம் என்பதற்கும் பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

உங்கள் கவலைக்கும் அடிப்படை உண்டு. 2025-இல் வணிக, தொழில் அமைச்சர் பார்க்ஸ் டாவ் வெளியிட்ட கணக்குப்படி, 2024-இல் இந்நாட்டில் விற்ற வண்டிகளில் 64 விழுக்காடு இறக்குமதியானவை. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் 12 நிறுவனங்கள் மூடி, 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். நம் ஆலைகள் செய்யும் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த வெளிநாடுகளில் ஒன்றான அமெரிக்கா 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. வெளிச்சந்தையில் கதவு ஒன்று சாத்தும்போது உள்ளூர்க்காரன் வாங்கினால் என்ன என்று நினைப்பது நியாயம்தான். துண்டறிக்கை அந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

துண்டறிக்கையின் தமிழ்ப் பக்கத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரை எடுத்தாண்டிருந்தீர்கள். சுதேசிக் கப்பலில் ஏறிய தூத்துக்குடி மக்களைப் போல நாமும் சுதேசிக் காரில் ஏற வேண்டும் என்று இருந்தது. அந்தக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிப் பங்கு திரட்டி, முதலில் வாடகைக்குக் கப்பல் அமர்த்தி, பிறகு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கிக் கொழும்புத் தடத்தில் ஓட்டினார். ஏழை வியாபாரியும் கூலிக்காரனும் ஏறக்கூடிய கட்டணம் வைத்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனபோதும் மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்றால், ஏறுவதற்கு அங்கே ஒரு கப்பல் நின்றது. கப்பலைக் கொண்டுவந்து துறையில் நிறுத்தாமல், "வெள்ளைக்காரன் கப்பலில் ஏறுகிறவன் துரோகி" என்று மட்டும் அவர் பேசியிருந்தால் இன்று அவரை யார் நினைப்பார்கள்?

என் மகள் விலைக்கு ஏற்ற புதுக் காராக நம் நாட்டு ஆலைகள் எதைச் செய்கின்றன என்று பாருங்கள். ப்ராஸ்பெக்டனில் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், கொரோலா கிராஸ், டாக்ஸிக்காரர்களின் ஹையேஸ் ஆகியவை செய்கிறார்கள். சில்வர்டனில் ஃபோர்ட் ரேஞ்சர் பக்கியும் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள வண்டியை இங்கே பக்கி என்போம்) ஃபோக்ஸ்வாகன் அமரோக்கும், ராஸ்லினில் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-3, ஈஸ்ட் லண்டனில் மெர்சிடஸ் சி-கிளாஸ். இவற்றில் சின்னச் சம்பளக்காரன் கைக்கு எட்டக்கூடியவை என்று பார்த்தால் கரீகாவில், அதாவது பழைய யூட்டனேகில், செய்கிற போலோவும் போலோ விவோவும்தான். விவோ நல்ல வண்டி, நானே பரிந்துரைப்பேன். ஆனால் மகள் கார் தேடிய நாளில் அதன் அடிமட்ட விலைக்கும் க்விட்டின் அடிமட்ட விலைக்கும் இடையே ஐம்பதாயிரம் ராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. 72 மாதக் கடனில், 12 விழுக்காடு வட்டியில் போட்டுப் பார்த்தால் அந்த ஐம்பதாயிரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ராண்ட் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும், ஒரு பிள்ளையைத் தனியாக வளர்க்கும் நர்ஸுக்கு அது என்ன தொகை என்பது உங்களுக்குத் தெரியும். இரவு ஏழு மணிக்கு மேல் டாக்ஸி நிறுத்தத்தில் அவள் தனியாக நிற்கிறாள் என்ற நினைப்பில் நான் தூங்காமல் கிடந்த இரவுகளுக்குக் கணக்குப் போடவில்லை.

மலிவான கார் நம் நாட்டில் செய்ததே இல்லையா என்றால், செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். 1984 முதல் 2009 வரை யூட்டனேகில் சிட்டி கோல்ஃப் செய்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் கியர் மாற்றப் பழகினார்கள்! டொயோட்டா டாஸ் 2006 வரை நம் ப்ராஸ்பெக்டனிலேயே செய்தது. ராஸ்லினிலிருந்து வந்த நிஸ்ஸான் 1400 பக்கியைச் சொல்லாமல் விட முடியாது. டோங்காட் தோட்டக்காரர் அதில் கொத்துமல்லிக் கட்டும் பாகற்காயும் அடுக்கிக்கொண்டு விடியற்காலைச் சந்தைக்கு வருவார். சனிக்கிழமை அதே வண்டியில் கல்யாண அண்டாக்கள் போகும். ஞாயிற்றுக்கிழமை பின்னால் விரிப்புப் போட்டுப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஏற்றிப் போவார். சாகாத வண்டி என்று ஆப்பிரிக்கான்ஸில் அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். 2008-இல் அதை நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு வந்த என்.பி.200 பக்கியும் 2024-இல் நின்றுபோனது. அந்த அளவு பக்கி இன்று உள்நாட்டில் கிடையாது.

ஏன் போயின? வாங்குகிறவனுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டதால் போகவில்லை. 1990-களின் நடுவில் ஏழெட்டு ஆலைகள் ஏறத்தாழ நாற்பது மாடல்களைச் சிறு சிறு எண்ணிக்கையில் செய்துகொண்டிருந்தன. இறக்குமதி வண்டிக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல் தீர்வை இருந்ததால் அந்தத் திறமைக்குறைவுக்கான செலவை நாம்தான் விலையில் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் ஒரு மாஸ்டா 323-க்காக நம் அப்பாமார் எத்தனை ஆண்டு சீட்டுப் போட்டுச் சேர்த்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1995-இல் வந்த வாகனத் தொழில் வளர்ச்சித் திட்டம் தீர்வையை 65 விழுக்காட்டில் தொடங்கி, 2012-இல் 25 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. ஒன்றிரண்டு மாடலை எடுத்து நிறையச் செய், ஏற்றுமதி செய், அதற்கு ஈடாக வேறு வண்டிகளைத் தீர்வைத் தள்ளுபடியோடு இறக்கிக்கொள் என்று ஆலைகளுக்குச் சொன்னது. 2013-இல் வந்த அடுத்த திட்டமும், 2021 ஜூலையில் தொடங்கி 2035 வரை ஓடும் அதன் இரண்டாம் கட்டமும் சலுகையின் அளவுகோலை ஏற்றுமதியிலிருந்து உற்பத்திக்கும் உள்நாட்டு மதிப்புக்கும் மாற்றின. ஆனால் உள்நாட்டில் செய்கிறவருக்குச் சான்றிதழ், அதைக் காட்டி இறக்குமதித் தீர்வையில் தள்ளுபடி என்ற அடித்தளம் அப்படியே இருக்கிறது.

இதன் விளைவை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஹைலக்ஸ் செய்கிற அதே டொயோட்டாதான் ஸ்டார்லெட்டைக் குஜராத்தில் சுசுக்கி ஆலையில் செய்வித்து இங்கே இறக்கி விற்கிறது. பெரிய பக்கியை இங்கே செய்து கிடைக்கும் சான்றிதழை வைத்துச் சின்னக் காரை இறக்குவதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி இங்கே பிறக்க வேண்டும், எது கப்பலில் வர வேண்டும் என்று முடிவு செய்கிற மேசையில் என் மகளுக்கு நாற்காலி போடவில்லை. அந்த மேசையில் முடிவானதற்கு அவளிடம் வந்து கணக்குக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. கோவிலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வரிசையை முனையிலிருந்து முனை வரை நடந்து, முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வட்டச்சீட்டுகளைக் குனிந்து படித்தேன். அதில் வண்டியின் சேஸிஸ் எண், அதாவது ஆலை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண், அச்சாகியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் செய்த வண்டி என்றால் அந்த எண் ஏ-யில் தொடங்கும். எம்-மில் தொடங்கி அடுத்த எழுத்து ஏ முதல் ஈ வரை இருந்தால் இந்தியா, எல் என்றால் சீனா, ஜே ஜப்பான், கே கொரியா. காவலுக்கு நின்ற தம்பி என்னைக் கார்த் திருடன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தான். விளக்கிச் சொன்னதும் அவனும் ஆர்வமாகக் குனிய ஆரம்பித்தான்.

ஃபார்ச்சூனர் ஏ-யில் தொடங்கியது, எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் நின்ற ஸ்டார்லெட்டின் சொந்தக்காரர், டொயோட்டா என்றால் ப்ராஸ்பெக்டன், ப்ராஸ்பெக்டன் என்றால் நம்முடையது என்று பெருமையாகச் சொன்னார். அவருடைய எண் எம்-மில் தொடங்கியது. அதற்கடுத்து இரண்டு போலோ. குட்டை வால் போலோ கரீகாவில் பிறந்தது, டிக்கி வைத்த செடான் போலோ இந்தியாவில் பிறந்தது. இரண்டிலும் எழுதியிருந்த பெயர் ஒன்றே. வட்டாரத்தில் எல்லாரும் "நம்ம நாட்டு வண்டி இல்லை" என்று ஒதுக்கும் மஹிந்திரா பிக்கப், இந்தியாவிலிருந்து பாதி பொருத்திய நிலையில் வந்து, 2018 முதல் நம் விமான நிலையத்தை ஒட்டிய டூபே ட்ரேட்போர்ட் தொழில் வளாகத்தில் முழுமையாகிறது. ஆக, துண்டறிக்கை சொல்கிறபடி நடக்க ஒருவர் மனம் வைத்தாலும், பெயர்ப்பலகையைப் பார்த்து அவரால் நடக்க முடியாது.

ஏ-யில் தொடங்கினால் எல்லாம் நம்முடையது என்றும் ஆகாது. உள்நாட்டில் செய்த வண்டியின் மதிப்பில் சராசரியாக 39 விழுக்காடுதான் உள்நாட்டுப் பங்கு என்று அமைச்சரின் கணக்கே சொல்கிறது. 2035-க்குள் 60 ஆக்குவது திட்டத்தின் இலக்கு. இந்த இருபத்தோரு விழுக்காட்டு இடைவெளியில்தான் நான் வேலை பார்த்த பலகைகள் நிற்கின்றன, இருக்கை உறை தைக்கிற மெஷின்கள் நிற்கின்றன, கண்ணாடியும் புகைக்குழாயும் பம்பரும் செய்கிற பட்டறைகள் நிற்கின்றன. வாகன உற்பத்தித் துறையில் வேலை செய்யும் ஒரு லட்சத்துச் சொச்சம் பேரில் பெரும்பகுதி வண்டி பொருத்தும் ஆலைக்குள் இல்லை, அதற்கு உதிரி கொடுக்கும் பட்டறைகளில் இருக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பலகைக்கு வந்த கம்பியை இந்நாட்டிலேயே இழுத்தார்கள்; நான் ஓய்வு பெற்றபோது கம்பி வெளியிலிருந்து வந்தது, நாங்கள் கட்ட மட்டும் செய்தோம். வண்டி அப்போதும் உள்நாட்டு வண்டிதான்.

இங்கே இன்னொரு தரப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் நம் பாட்டன் பூட்டன் ஊர்ப் பக்கம்தானே, அங்கே செய்த க்விட்டோ ஹுண்டாய் ஐ-10-ஓ வாங்கினால் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தானே போகிறது" என்று என்னிடம் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. கேட்க இனிக்கிறது. ஆனால் 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரனுக்கு வேலை வேண்டியது நம் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோவில். மகள் அந்த வண்டியை வாங்கியது விலைக்காகவும் வாரண்டிக்காகவும். இதற்கு மொழிப்பற்றைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

உள்நாட்டு ஆலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு தடவை ஒத்திகை பார்த்திருக்கிறோம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ப்ராஸ்பெக்டன் ஆலை வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் நின்றது, ஆகஸ்டில்தான் எல்லா வரிசைகளும் மறுபடி ஓடின. எங்கள் பட்டறையில் தண்ணீர் வடிந்தபோது சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. பலகைகளின் அடிமுளைகளில் நாணல் சுற்றிக் கிடந்தது. ஆலையில் வண்டி உற்பத்தி இல்லாததால் எங்களுக்கு ஆர்டர் இல்லை, வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள். இசிப்பிங்கோ ரயில்நிலையத்துக்கு எதிரே, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சவ் விற்கிறவர் பீன்ஸ் குழம்பு அண்டாவைப் பாதியாகக் குறைத்தார். அந்த ஆண்டு ஆடிக் கூழுக்குக் காணிக்கை எவ்வளவு குறைந்தது என்று உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும். அந்த நான்கு மாதத்தை அனுபவித்தவன் உள்நாட்டுத் தொழில் எக்கேடு கெட்டால் என்ன என்று எழுத மாட்டான்.

ஆனால் உதவி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வாழ்நாளில் இரண்டோ மூன்றோ வண்டி வாங்குகிற குடும்பத்திடம், அதுவும் முதல் வண்டியை வாங்கிய அன்றே, கேட்பது முறையில்லை. கார் வாங்க வசதியே இல்லாதவர் தினமும் ஏறுகிற மினிபஸ் டாக்ஸி பெரும்பாலும் ப்ராஸ்பெக்டனில் செய்த ஹையேஸ். ஏழை ஏற்கெனவே உள்நாட்டுத் தொழிலுக்குத் தன் பங்கைப் பத்து ராண்டும் பதினைந்து ராண்டுமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். கேட்க வேண்டிய வாசல்கள் வேறே இருக்கின்றன, அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவை. ஐந்து லாரியும் பத்து பக்கியும் வைத்து மொத்த வியாபாரம் செய்பவர்கள், நகராட்சி ஒப்பந்தம் எடுப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் முதலாளிகள், ஈமச்சடங்கு நிறுவனங்கள், கல்யாணச் சமையல்காரர்கள் ஆகியோர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை வண்டி மாற்றுகிறார்கள். அவர்கள் வாங்குகிற ரகத்தில் உள்நாட்டு வண்டி தாராளமாகக் கிடைக்கிறது, தரமும் குறைவில்லை. விலை வேறுபாட்டைத் தாங்கும் முதுகும் அவர்களுக்கு இருக்கிறது. காவடித் திருவிழாவில் உபயக்காரர் பெயர்ப்பலகையில் முதல் வரிசையில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்கள் வைப்பரில் துண்டறிக்கை செருக யாருக்கும் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று நான் குனிந்து படித்த வரிசையில் கடைசியாக நின்றது ஒரு கோவில் குழுவின் வேன். முதியோரை ஏற்றி வர நன்கொடை திரட்டி வாங்கியது. நானும் இருநூறு ராண்ட் கொடுத்திருக்கிறேன். அதன் எண் கே-யில் தொடங்கியது. அதே எண்ணிக்கையில் ஆள் ஏற்றும் வண்டியை நான்கு கிலோமீட்டர் தள்ளி ப்ராஸ்பெக்டனில் நம் பிள்ளைகள் செய்துகொண்டிருக்கிறார்கள். இருக்கை மெத்தென்றிருக்கும், கதவு தானாகத் திறக்கும் என்பதற்காக வாங்கியிருப்பீர்கள். முட்டி வலிக்கிற பாட்டிமாருக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு காரணம் இருந்ததைப் போல என் மகளுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது தனியாக இருக்கிறது. அங்கேதான் குழுக்களின் ஒன்றுபட்ட குரலுக்குப் பயன் அதிகம். சின்னக் காரும் அரை டன் பக்கியும் இந்நாட்டில் செய்வதற்குத் தனிச் சலுகை தர முடியுமா என்று வணிக, தொழில் துறைக்கு எழுதிக் கேட்கலாம். வெளியிலிருந்து பாதி பொருத்தி வருகிற வண்டிக்கும், கம்பி முதல் கண்ணாடி வரை இங்கே எடுக்கிற வண்டிக்கும் இடையே சலுகையில் இன்னும் பெரிய வேறுபாடு வைக்கச் சொல்லலாம். ஆடம்பரப் பொருளுக்கு என்று வந்த மதிப்பு வரி இன்று உள்நாட்டில் செய்த சாதாரண வண்டிகள் மீதும் விழுகிறது. அதன் படிநிலைகளைத் திருத்தச் சொல்லலாம். தீர்வையை மாற்றுவதற்கு விண்ணப்பம் வந்தால் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையம் அரசிதழில் அறிவித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. ஆலைகளும் இறக்குமதியாளர்களும் வக்கீல் வைத்து எழுதுகிறார்கள். ஆடிக் கூழுக்கு ஐயாயிரம் பேரைத் திரட்டுகிற நம்மால் ஒரு மனுவுக்குக் கையெழுத்துத் திரட்ட முடியாதா? இதற்கு முன்னால் தையல் ஆலைகள் மூடிய காலத்தில் நாம் திரட்டவில்லை. என் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் கடைசிச் சம்பள உறையோடு நேராகக் கோவிலுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் சார்பாக எங்கும் ஒரு கடிதம் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இறக்குமதிக் கதவை முழுதாகச் சாத்தச் சொல்லும் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதையும் இப்போதே தெரிவித்துவிடுகிறேன். தீர்வையை ஒரேயடியாக ஏற்றினால் மறுநாள் காலை கரீகாவில் ஒரு மலிவுக் கார் முளைக்காது. க்விட்டும் ஸ்விஃப்ட்டும் விலை ஏறும், என் மகளைப் போன்றவர்கள் பதினைந்து ஆண்டுப் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு சாலையோரத்தில் நிற்பார்கள். செய்ய ஆலை, செய்யத் தூண்டும் சலுகை, வாங்குவேன் என்று வாக்குக் கொடுக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் ஆகிய மூன்றும் வந்தபிறகு தீர்வையைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பாகத் துண்டறிக்கையை மறுபதிப்புச் செய்வதாகக் கேள்விப்பட்டேன். அதில் வாங்குகிறவரைக் குற்றம் சொல்லும் அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் படிக்கும் முறையை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வசதி உள்ளவர்கள் பார்த்து வாங்கட்டும். வண்டிப் பூசைக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். கூட்ட நிகழ்ச்சிநிரலில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், பழைய ஹார்னஸ் துண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன். உள்நாட்டுப் பங்கு என்றால் என்ன என்று கையில் பிடித்துக் காட்டலாம். கூட்டத்தன்று வாசலில் லைசென்ஸ் வட்டச்சீட்டுகளைப் படிக்கக் காவல்காரத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உபயக்காரர்களின் வரிசையிலிருந்து தொடங்கலாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
இசிப்பிங்கோவில் வசிக்கும், ஓய்வு பெற்ற ஹார்னஸ் தொழிலாளி